டிரெசர் சவரிமுத்து மனம் திரும்பவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, கத்தோலிக்கக் கோவில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டிஸ்பென்சரி பியூன் ராமசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "டிரெசரய்யா போயிட்டாருங்க உபதேசியாரே. காலையில ஆறு மணிக்கு. நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார். முந்தின நாள் பிற்பகல்தான் நானும் பங்குச் சாமியாரும் அவருடைய கட்டிலருகே நின்றுவிட்டு வந்திருந்தோம். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை' என்ற நினைப்புதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நினைப்புக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உங்களில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்! ஏழு வருடம் பிடிவாதமாக இருந்த மனுஷனைக் கடைசி நேரத்தில் மனம் திரும்ப வைத்துவிட்டீர்களே, உங்கள் புண்ணியத்தில் அல்லவா அவருக்குச் சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் கோவில் அடக்கமும் கிடைத்தது என்றீர்கள். நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வாசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். எழுதியிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரெசர் சவரிமுத்து மனம் திரும்பவில்லை. திரும்பினார் என்று சாமியாரிடம் சொன்னவன் நான். அது பொய். அந்தப் பொய்யோடு அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரைத் தெரியாதவர் ரயில்வேக்காரர் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் லயங்களில் யாரும் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப்பேர் தெரியும் என்று வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். டாக்டருக்குக் கீழே புண் கட்டி மருந்து கொடுக்கிற டிரெசர் வேலை அவருக்கு. டிஸ்பென்சரியின் முன்வாசலில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு. பின்வாசலில் வேறு கூட்டம். பயர்மேன், பாயிண்ட்ஸ்மேன், கணக்கெழுதும் கிராணி என்று சம்பள நாளுக்குப் பிறகு ஊருக்குள் தாசி வீடுகளுக்குப் போய்விட்டு வந்த ஆண்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். வெட்டைச் சீக்கு. ஊதா மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி மாதக்கணக்கில் வைத்தியம். நன்றாய் ஆயிற்று என்று நினைக்கும்போது திரும்பவும் தலைகாட்டும். டிரெசர் குள்ளமான மனிதர். மனைவி சீக்கிரமே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கார்பாலிக் வாடை அவருக்கு முன்னால் வந்து சேரும். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "வாங்க மாப்பிள்ளை, எந்த ஊர்ல கல்யாணம் முடிச்சிட்டு வரீங்க?" என்று பின்வாசலில் நிற்கிறவனைக் கேட்பாராம். கேட்டுவிட்டு அவனை உட்கார வைத்து, தாய் செய்வதுபோல் கழுவி விடுவார்.

மருந்தோடு கூட அவர் ரப்பர் உறையும் கொடுத்தார். தன் கைச் செலவில் வரவழைத்தார் என்று பிறகு அறிந்தேன். தகர டப்பியில் கப்பலேறி வந்து இந்த ஊர் வெக்கையில் கிடந்த ரப்பரை அவர் நம்பவே மாட்டார். ஒவ்வொன்றையும் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் நிரப்பி, நூலால் கட்டி ஆணியில் தொங்கவிட்டு, நிதானமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பார். அதற்குள் ஒரு துளி கசிந்தாலும் கிழித்து எறிந்துவிடுவார். கசியாததைத் துடைத்து, பவுடர் தூவி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். நேரம் பார்க்கச் சுவரில் கடிகாரம் இருக்கும்போது கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஏன் இதற்கு இழுக்கிறார் என்று எனக்கு அடங்காத கோபம். ஒருநாள் கேட்டே விட்டேன். கடிகாரம் பார்த்தால் தனக்கு அவசரம் வந்துவிடும் என்றார்.

அவர் அந்த உறையைப் பெரிதாகப் புகழ்ந்ததும் இல்லை. "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன். போகாம இருக்கிறதுதான் நூத்துக்கு நூறு. நீ போயிட்டு வந்துட்டே. இனிமே வீட்டுக்காரியைக் காப்பாத்து" என்பாராம். இதை எனக்குச் சொன்னவர் இன்று நம் சபையில் பெரிய மனிதர். பெயர் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை என்னிடமே சொன்னார்: "நம்ம ஆளுங்க ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறாங்க. அது சீமைக்குப் போய் உறையாத் திரும்பி வருது. நம்ம பொம்பளைங்களுக்கு மட்டும் அது எட்டக்கூடாதா?" அப்போது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பக்கம் பக்கமாகத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் அது பாப்பரசர் விவாகத்தைப் பற்றி எழுதிய நிருபம் நம் கோவில்களுக்கு வந்து சேர்ந்த தவக்காலம். பிள்ளைப்பேற்றைத் தடுக்கிற உபாயம் எதுவும் சாவான பாவம் என்பது அதன் சாரம். நம் சாமியார் பிரெஞ்சுக்காரர். அவருடைய தமிழ் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போதும், பிரசங்கத்துக்குப் போதாது. ஆகவே அவர் ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதிக் கொடுப்பார். அதை நான் தமிழில் விரித்துச் சொல்வேன். அன்றைக்கும் விரித்தேன். எனக்கு எப்போதுமே வாய் நீளம். சாமியார் எழுதிய தாளில் சீக்கு இல்லை, டிஸ்பென்சரி இல்லை, உறைகூட இல்லை. நான் சேர்த்தேன். பிறக்க வேண்டிய குழந்தைகளை ரப்பரால் மூடி அடைக்கிற கத்தோலிக்கன் ஒருவன் இந்தக் கோவிலிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னேன். ஆண்கள் பக்கம் முழுவதும் தலைகள் திரும்பின. திரும்பியவர்களில் அவரிடம் காகிதப் பொட்டலம் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

பூசை முடிந்து அவர் கோவிலின் பின்னறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் சண்டை போடவில்லை. தான் கொடுப்பது பிள்ளையைத் தடுக்க அல்ல, சீக்கைத் தடுக்க என்றார். சீக்குக்காரன் வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன ஆகும், அவள் வயிற்றில் வருவதற்கு என்ன ஆகும் என்று தனக்குத் தெரியும் என்றார். நம் சபையில் அப்படி ஒரு வீட்டைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்ல எனக்கு வாய் கிடையாது உபதேசியாரே. சாமியாருக்குப் பாவசங்கீர்த்தனத்துல கேட்டது எப்படி வெளியே வராதோ, எனக்குப் பின்வாசல் அப்படி" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "வீடு சந்திக்கப் போற இடத்துல எதையாவது பார்த்தீங்கன்னா, எரிக்கிறதுக்கு முன்னால யாருக்காகக் குடுத்ததுன்னு ஒரு வார்த்தை கேளுங்க."

அந்த வாரமே சாமியார் அவரை அழைத்துப் பேசினார். நானும் இருந்தேன். சாமியாரைக் கொடியவராக யாரும் நினைத்துவிடாதீர்கள். அவருக்கு டிரெசர்மேல் பிரியம் உண்டு. நோய் உள்ளவன் குணமாகும்வரை மனைவியை விட்டு விலகியிருக்கட்டும், அதுவே திருச்சபை காட்டும் வழி என்று பொறுமையாகச் சொன்னார். "நீங்க சொல்றது நல்ல வழிதான் சாமி. அந்த வழியில நடக்கிறவன் என்கிட்ட வர்றதே இல்ல" என்றார் டிரெசர். இனி கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால்தான் பூசையில் நன்மை, அதாவது ஆண்டவருடைய அப்பம், வாங்கலாம் என்றார் சாமியார். டிரெசர் வாக்குக் கொடுக்கவில்லை. கோவிலுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் முழந்தாளிடுவார். எல்லோரும் நன்மை வாங்கப் பீடத்துக் கிராதியண்டை போகும்போது அவர் மட்டும் அங்கேயே இருப்பார். எப்படி இருக்கிறது என்று ஒருவர் குத்தலாகக் கேட்டதற்கு, "பந்தியில இடம் இல்ல. வீட்டை விட்டுத் துரத்தலையே, பசியோட உக்காந்திருக்கேன்" என்றாராம்.

அதே தவக்காலத்தில் நான் கிள்ளானுக்கு வீடு சந்திக்கப் போனேன். என் தங்கை ஞானம்மாள் அங்கே ரயில் லயத்தில் இருந்தாள். புருஷன் சின்னப்பன் பயர்மேன். கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. சாப்பாடு போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கொஞ்ச நாளைக்குப் பிள்ளை வேண்டாம் என்று புருஷன் இதை வாங்கிவந்திருக்கிறார் என்று அழுதாள். "அண்ணே, இது பாவந்தானே?" என்றாள். காகிதத்தின் மடிப்பைப் பார்த்ததுமே எந்தக் கை மடித்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாரே, அது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. நேராக அடுப்பில் போட்டேன். ரப்பர் எரிகிற நாற்றம் வீடு முழுவதும் நின்றது. சின்னப்பன் வேலை முடிந்து கரி முகத்தோடு வந்தான். பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி அவனைத் திட்டினேன். அவன் வாயைத் திறக்க நான் எங்கே இடம் கொடுத்தேன்?

மறு வருடம் ஞானம்மாளுக்குப் பெண் பிறந்தது. வீட்டிலேயே, மருத்துவச்சி கையில். மூன்றாம் நாள் குழந்தையின் இரண்டு கண்ணும் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸுக்கு ஆள் அனுப்பினார்கள். டிரெசர் லீவு போட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்தார். ஐந்து நாள் அந்தக் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து, மணிக்கு ஒரு தரம் பஞ்சை நனைத்து நனைத்துக் கண்களைக் கழுவினார். முந்தியே கூப்பிட்டிருந்தால், பிறந்த உடனே கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தால் என்று மருத்துவச்சியிடம் மெதுவாகச் சொன்னார். வேறு யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குப் பாதுகாவலி என்று லூசியாள் பெயரை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தோம். பார்வை திரும்பவில்லை. ஞானம்மாளுக்கும் அடிவயிற்று வலி அன்றோடு நிலைத்துவிட்டது. அதன்பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை.

ஞானஸ்நானத்தன்று சின்னப்பன் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "மச்சான், அது புள்ள வேணாம்னு குடுத்ததில்ல. எனக்கு வெட்டை. சரியாகிற வரைக்கும் இதைப் போட்டுக்கன்னு டிரெசர் சொன்னாரு. அவகிட்ட சொல்ல வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன். அந்தச் சீக்குதான் அவளுக்கு ஒட்டி, பிறக்கும்போது புள்ள கண்ணுக்குப் போயிருக்கு" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். எந்த முகத்தோடு அடிப்பது? பிரசங்கத்தன்று பின்னறையில் டிரெசர் என்னை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று அப்போது விளங்கியது. என் தங்கை வீடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வாய் அன்றே அடைத்திருக்கும். சொல்லவில்லை. அது சின்னப்பன் பின்வாசலில் சொன்ன விஷயம்.

இருவரும் ஒரே ரயிலில் திரும்பினோம். பத்துக்கல் தூரம் போனபிறகு, எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த உறை கிழிஞ்சும் போயிருக்கலாம். ரப்பர்தானே. நான் யாருக்கும் உத்தரவாதம் குடுத்ததில்ல" என்றார். எனக்காகச் சொன்னது அது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில மாதம் தூங்கினேன். பிறகு அதுவும் முடியவில்லை. அவர் அதைக் குழாயடியில் பிடித்து, ஆணியில் தொங்கவிட்டு, மந்திரம் முழுவதும் சொல்லித்தான் கொடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்கலாம்: சரி, தெரிந்தபிறகு என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. சாமியாரிடம் போய், நான் பிரசங்கத்தில் சேர்த்துச் சொன்னேன், அந்த மனிதர் நோயைத் தடுக்கத்தான் கொடுத்தார், என் தங்கை பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். திருச்சபைச் சட்டம் மாறியிருக்காது. ஆனால் சபையில் அவர்மேல் விழுந்த பெயராவது மாறியிருக்கும். நான் சொல்லவில்லை. உபதேசியார் வேலை, மரியாதை, தங்கை வீட்டு மானம் என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஞாயிறுதோறும் நன்மை வாங்குகிறவர்களின் முகவாய்க்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு போவேன். நிமிர்ந்தால் கடைசி பெஞ்சு தெரியும். நிமிராமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கிள்ளானுக்குப் போனால் லூசியாள் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிச் சிரிப்பாள். அவளுக்கு டிரெசர் மாமா என்றால் உயிர். மாதம் ஒரு தடவை அவர் போவார். கார்பாலிக் வாடையை வைத்தே கண்டுபிடித்து ஓடுவாளாம். இப்போது போனால், "டிரெசர் மாமா எங்க?" என்று அவரைத் தேடி என் சட்டையை முகர்ந்து பார்க்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். வயிற்றில் கட்டி, இனி நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமியாரோடு நான் மெழுகுவர்த்தியும் மணியும் எடுத்துக்கொண்டு போனேன். சாமியார் தனியாக அவரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. எல்லாப் பாவத்துக்கும் மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறார், அந்த ஒன்றுக்கு மட்டும் மறுக்கிறார், பகிரங்கத்தில் நடந்ததை நான் எப்படி விடுவது, நீர் அவருக்குப் பழக்கமானவர், உள்ளே போய்ப் பேசும் என்றார்.

போனேன். ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் டிரெசரே என்று கெஞ்சினேன். "எதுக்கு வருத்தப்படணும்னு நீங்களே சொல்லுங்க உபதேசியாரே" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் அவருடைய தலையணையைச் சரிசெய்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பாட்டுப் படிக்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "சாமிகிட்ட போய்ச் சொல்லுங்க. இதுக்கு வருத்தப்பட என்னால முடியல. ஆண்டவர் வேணும்னு ஏழு வருஷமா ஏங்குறேன். ஆனா பொய் சொல்லி அவரை வாங்கமாட்டேன். இதை அப்படியே சொல்லுங்க, கூட்டாம குறைக்காம."

கதவிலிருந்து சாமியார் நின்ற இடம் பத்தடி. அந்தப் பத்தடிக்குள் நான் முடிவு செய்தேன். அவர் சொன்னதைச் சொன்னால் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுத் திரும்பிப் போவோம். ஏழு வருடம் பசியோடு உட்கார்ந்திருந்த மனிதர் பசியோடே போவார், கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே கிடப்பார். அதற்குக் காரணமானவன் வேலிக்கு உள்ளே நின்று ஜெபம் சொல்வான். "மனஸ்தாபப்பட்டுவிட்டார் சாமி" என்றேன்.

சாமியார் உள்ளே வந்து குனிந்து, உபதேசியார் சொன்னது மெய்தானா என்று அவரைக் கேட்டார். டிரெசர் என்னைப் பார்த்தார். மெய்தான் என்று தலையசைத்தார். பாவமன்னிப்பும் நன்மையும் கிடைத்தன. எண்ணெய் பூசினார்கள். நாக்கில் நன்மையை வைத்தபோது அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சாமியார் வெளியே போனதும் அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நான் சொன்னதை அப்படியே சொன்னீங்களா?"

"அப்படியே சொன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. "இவ்வளவுதானா? முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

திருச்சபை தன்னைத் தான் இருந்தபடியே ஏற்றுக்கொண்டது என்று நம்பிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் மாறிவிட்டார் என்று திருச்சபை நம்பிக்கொண்டிருக்கிறது. நடுவில் நான் நிற்கிறேன். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு வருகிறது. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

நேற்று சாமியாரிடம் போய், டிரெசர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிரசங்கத்தில் நான் சேர்த்ததையும், அடுப்பில் எரித்ததையும் சொன்னேன். தங்கையிடமும் சின்னப்பனிடமும் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன், இங்கே வாசிப்பதும் அவர்கள் சம்மதத்தோடுதான். அந்தப் பொய்க்காக மனஸ்தாபப்படுகிறாயா என்று அவர் கேட்டார். உங்களை ஏமாற்றியதற்கு வருத்தப்படுகிறேன் சாமி, சாகிறவரை ஏமாற்றியதற்கு அதைவிட வருத்தப்படுகிறேன் என்றேன். அவருக்கு நன்மை கிடைத்ததற்கு வருத்தப்படுகிறாயா என்றார். அப்படிப் படுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இல்லை என்றுதான் தலையை ஆட்டினேன். அப்படியானால் உனக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க என்னால் முடியாது என்றார். சொல்லும்போது அவர் குரலும் நன்றாக இல்லை.

ஏழு வருடம் அவர் எங்கே நின்றாரோ, அங்கே இப்போது நான் நிற்கிறேன். அவரைப்போல் நியாயமானவனாக அல்ல, பொய்யனாக. ஆனாலும் வருத்தப்பட முடியாத ஒன்று எனக்கும் இருக்கிறது. அது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.